நீ கேட்ட கேள்விக்கு பதில், கொஞ்சம் லேட்டா

புள்ள,

உன் மெசேஜ் வந்து மூணு வாரம் ஆச்சு. வாய்ஸ் நோட்ல சொல்லிடலாம்னு ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன். இங்க ஆஸ்திரேலியாவுல, ஜீலாங்ல, ஜூலை குளிரு, கடக்காத்து காத அறுக்குது, வார்டு முடிச்சு வந்து ரசஞ்சோறு சாப்டுட்டு எழுதுறேன்.

சைக்காலஜி படிச்ச, அப்புறம் சாப்பாட்டு ஆராய்ச்சின்னு போன, இப்ப 31 வயசுல டாக்டருக்குப் படிக்கிறேன்னு மறுபடியும் ஸ்டூடண்ட், எதுக்குடின்னு கேட்டிருந்தே. அம்மாவும் அதத்தான் கேக்குறாங்க, ஆனா நீ கேட்டா எனக்கு கோவம் வரல.

கோயமுத்தூர்ல பி.எஸ்சி படிச்சப்ப மினசோட்டா பட்டினி ஆராய்ச்சி பத்தி ஹாஸ்டல் மாடியில பேசிட்டே இருந்தோமே, ஞாபகம் இருக்கா? 1944-45ல, போருக்குப் போக மாட்டோம்னு சொன்ன 36 பேரு, ஆன்செல் கீஸ் டீம் அவங்களுக்கு ஆறு மாசம் அரைவயித்து சாப்பாடு குடுத்து, உடம்பு எடையில கால்வாசி போச்சு. உடம்பும் மனசும் நல்லா இருக்கான்னு சோதிச்சு எடுத்த ஆளுங்க, போகப்போக சமையல் புஸ்தகத்த ராப்பகலா படிக்கிறாங்க, தட்ட நக்குறாங்க, பேச்சு சிரிப்பு எல்லாம் அடங்கிப் போச்சு, ஒருத்தர் கோடாலியால தன் விரலையே வெட்டிக்கிட்டாரு. வயிறு காஞ்சா மனசு இப்படி ஆகும்னா, வயித்த கவனிச்சா மனசு தேறுமான்னு அன்னிக்கு புடிச்ச கேள்வி, என்ன விடவே இல்ல.

இந்த ஊருக்கு வந்ததே அதுக்குத்தான். சாப்பாட்டுக்கும் மனசுக்கும் என்ன தொடர்புன்னு இங்க ஆராய்ச்சி பண்ற ஃபெலிஸ் ஜாக்கா டீம் 2017ல வெளியிட்ட ஸ்மைல்ஸ் ஆய்வு பத்தி அப்பவே உனக்கு சொல்லியிருக்கேன். மன அழுத்தத்துல இருந்த 67 பேரு, ஒரு பாதிக்கு டயட்டீஷியன் கூட உக்காந்து சாப்பாட்ட மாத்துனாங்க, பருப்பு, காய்கறி, மீன், ஆலிவ் எண்ணெய்னு, இன்னொரு பாதிக்கு அதே அளவு நேரம் சும்மா பேச்சுத்துணை. 12 வாரத்துல சாப்பாடு மாத்துனவங்கள்ல 32 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்துச்சு, மத்தவங்கள்ல 8. சின்ன ஆய்வுதான், யாரு எந்த குரூப்னு கலந்துகிட்டவங்களுக்கே தெரியும், அதனால பெருசா பேசக்கூடாது, ஆனாலும் எனக்கு அது ஒரு கதவு தொறந்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் வேற ஒரு ப்ராஜெக்ட்ல அசிஸ்டண்டா சேந்தேன். போன்ல கூப்ட்டு நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்டீங்கன்னு கேட்டு கிராம் கணக்குல ஏத்தணும். ஒரு பெரியவரு, மனைவி தவறிட்டாங்க, தனியா இருக்காரு, ஒவ்வொரு தடவையும் டோஸ்ட்டும் டீயும்தான் சொல்லுவாரு. ஒரு நாள் பேச்சோட பேச்சா, நாக்கு எரியுதும்மா, நடந்தா பஞ்சு மேல கால் வைக்கிற மாதிரி இருக்குன்னாரு. என் ஃபார்ம்ல அதுக்கு கட்டம் கெடையாது. டாக்டரப் பாருங்கன்னு சொன்னேன், மேல இருக்கவங்களுக்கு நோட் போட்டேன், அடுத்த நம்பர டயல் பண்ணேன். அவருக்கு என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. ராத்திரி தூக்கம் வரல புள்ள. சராசரி கணக்குல அவரு ஒரு புள்ளி, அவரோட காலத் தொட்டுப் பாக்குற உரிமை எனக்கு இல்ல, அந்த உரிமை வேணும்னு தோணுச்சு, அவ்ளோதான் என் காரணம்.

டிகிரி முடிச்சவங்க மெடிக்கல் சேர எழுதுற காம்சாட் பரீட்சை ரெண்டு தடவ எழுதுனேன், முத தடவ பிஸிக்ஸும் கெமிஸ்ட்ரியும் என்ன கவுத்துடுச்சு. கட்டுரைப் பகுதி சைக்காலஜியாலதான் தப்பிச்சேன். இப்ப நாலு வருஷ கோர்ஸ்ல ரெண்டு முடிஞ்சுது.

போன வாரம் ஒரு பாட்டி, சார்ட்ல "பசியில்லை"ன்னு மூணு நாளா எழுதியிருக்கு, மனச்சோர்வா இருக்குமோன்னு பேச்சு. மத்தியானம் நான் சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். ட்ரே வந்துச்சு. தயிர் கப்போட ஃபாயில் மூடிய வாதத்துல கோணிப்போன விரலால ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாங்க, முடியல, ட்ரேய தள்ளி வச்சுட்டாங்க. நான் பிரிச்சுக் குடுத்தேன், முழுசா சாப்டாங்க, ஜூஸும் குடிச்சாங்க. அத சீனியர்ட்ட சொன்னேன், மறுநாள்ல இருந்து சாப்பாட்டு நேரம் கூட ஒருத்தர் இருக்கணும்னு எழுதுனாங்க. அந்த போன் வேலையில கத்துக்கிட்ட பொறுமைதான் என்ன அங்க உக்கார வச்சுது, அந்த வருஷம் எதுவும் வீண் போகல.

சரி, முக்கியமான விஷயம். உங்க மாமியாரு ஆறு மாசமா சோந்து போய் உக்காந்திருக்காங்க, மறதி வேற, கால் மரத்துப் போகுதுங்கறாங்கன்னு எழுதியிருந்தியே, வயசாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கன்னு. அவங்க கவுச்சியே தொடமாட்டாங்க, சுகருக்கு மெட்ஃபார்மின் பத்து வருஷத்துக்கு மேல போட்டுட்டு இருக்காங்க, ரெண்டும் பி12 வைட்டமின் சத்தக் கொறைக்குற விஷயம், அது கொறஞ்சா சோர்வு, மறதி, கால் மரத்துப் போறது எல்லாம் வரலாம். சுகராலயும் கால் மரத்துப் போகும்தான், ஆனா பாத்துட்டா தெரிஞ்சிரும்ல, அவங்க டாக்டர்ட்ட சொல்லி ரத்தத்துல பி12 பாக்கச் சொல்லு. மெட்ஃபார்மின நீங்களா நிறுத்திடாதீங்க. டெஸ்ட் எடுக்காம ஃபோலிக் ஆசிட் மாத்திர மட்டும் வாங்கிக் குடுத்துடாத, ரத்தம் தேறுன மாதிரி காட்டும், உள்ள நரம்பு கெட்டுட்டே போகும்.

நாளைக்கே கூட்டிட்டுப் போ. ரிப்போர்ட் வந்தவொடனே போட்டோ எடுத்து அனுப்பு, எத்தன மணியா இருந்தாலும் முழிச்சிருப்பேன்.

உன் புள்ள