பட்டுச்சேலை பில்லில் ‘கைத்தறி’ என்று எழுதினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 7 வந்தால் கைத்தறியைக் காப்பாற்றுவோம் என்று எல்லோரும் பேசுகிறோம். 2015 முதல் அதுதான் தேசிய கைத்தறி நாள். பேச்சு இருக்கட்டும். பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நெடுங்காலம் பில் போட்டவன் நான். என் கோரிக்கை சின்னது: பட்டுச்சேலை பில்லில் ‘கைத்தறி’ அல்லது ‘விசைத்தறி’ என்று ஒரு சொல் அச்சாக வேண்டும்.

இப்போது என்ன இருக்கிறது? ‘பட்டுச்சேலை 1’, வரிக்கான சரக்குக் குறியீடான எச்.எஸ்.என். எண் 5007, ஜி.எஸ்.டி. 5 சதவீதம். காஞ்சிபுரத்தில் கணவனும் மனைவியுமாகப் பத்துப் பதினைந்து நாள் கைத்தறியில் நெய்த கோர்வைச் சேலைக்கும் (உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து கோப்பது) இதுதான். விசைத்தறியில் மளமளவென்று இறங்கியதற்கும் இதுதான். விலையைக் கேட்டு வாடிக்கையாளர் முகம் மாறினால், விற்பனையாளர் பக்கத்துச் சேலையை எடுத்து விரித்து, “இதுவும் காஞ்சிபுரம் பட்டுதாம்மா, பாதி விலை” என்பார். அந்த இடத்திலேயே நெசவாளி தோற்றுவிடுகிறார். விசைத்தறிச் சேலை மோசம் என்று சொல்ல வரவில்லை. அதன் பெயரில், அதற்குரிய விலையில் விற்கட்டும்.

“சில்க் மார்க் இருக்கிறதே சார்” என்பார்கள். 2004-இல் வந்த அந்த முத்திரை, நூல் அசல் பட்டு என்பதற்குத்தான் சாட்சி. எந்தத் தறியில் நெய்தது என்று அது சொல்லாது. அதற்கென்று 2006-இல் கைத்தறி முத்திரை தனியாக வந்தது. கல்லாவில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் அபூர்வம். சில்க் மார்க்கைக் கவனிக்கும் மத்தியப் பட்டு வாரியம் நம் ஊரில்தான் இருக்கிறது. ஆனால் சில்க் போர்டு என்றால் நமக்கு அந்தச் சாலைச் சந்திப்பின் டிராஃபிக் ஜாம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது!

பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் தறிக்கருவி), இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா ஓடும். மறுபக்கக் கரை நாடாவைத் தள்ளிவிட இன்னோர் ஆள் தறியருகே உட்கார வேண்டும். சேலையைப் பின்பக்கம் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு நிற ஊடையும் (குறுக்கு நூலும்) ஒன்றையொன்று கவ்வியிருப்பதால் மெல்லிய தடிப்பு தட்டும். உடல் நிறம் கரைக்குள் போகாது. ஓரத்தில் ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், விசைத்தறியிலும் துளை விழும். அப்புறம், கோர்வை இல்லாத கைத்தறிச் சேலைகளும் உண்டு. அங்கே பழகிய கண்ணே தடுமாறும். கல்யாண அவசரத்தில் வாங்குபவர் என்ன செய்வார்?

அதனால்தான் எழுத்தில் வேண்டும் என்கிறேன். வாயால் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. பில்லில் ‘கைத்தறி’ என்று போட்டுவிட்டு வேறொன்றைக் கொடுத்தால், அந்தத் தாளோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கைத்தறிக்கென்றே சில துணிகளை ஒதுக்கும் சட்டம் 1985-இலிருந்தே இருக்கிறது. சேலையும் அந்தப் பட்டியலில் வருகிறது. ஆனால் அதிகாரிகள் விசைத்தறிக்கூடத்தில் போய்ச் சோதிப்பதோடு அது நின்றுவிடுகிறது. கடை வாசல்வரை வருவதில்லை.

“எங்களுக்கே தெரியாது, சரக்கு கொடுப்பவர் சொல்வதுதான்” என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சரி, அவர் தரும் இன்வாய்ஸிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பொறுப்பு அங்கிருந்தே தொடங்கட்டும். மென்பொருளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பில்லையே தலைகீழாக மாற்றினோம், கடை ஒன்றும் மூடிவிடவில்லை.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தை முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் கல்லாவில் இதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். சிக்பேட்டையில் கடைக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக்கடை ஊழியர்,
அல்சூர், பெங்களூரு