திருச்சிக்கு ஜம்போ கேட்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியா நேரடியாக ஜம்போ விமானம் விட வேண்டும், அதற்கு மத்திய அரசு உத்தரவிட வேண்டும் என்று இப்பகுதியில் அடுத்தடுத்துக் கடிதங்கள் வருகின்றன. நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் இருப்பவர்கள் வெளிநாடு போக, பெட்டியும் கையுமாக இரவெல்லாம் பயணித்துச் சென்னைக்குப் போவதைப் பார்த்தால் கோரிக்கை நியாயம்தான். ஆனால் கேட்கிற விமானமும் தவறு, கேட்கிற இடமும் தவறு.

ஜம்போ என்பது போயிங் 747. ஏர் இந்தியாவுக்கு முதல் ஜம்போ, 'எம்பரர் அசோகா', 1971-ல் வந்தது. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் மாளிகை வளைவுகளைத் தீட்டிய அந்த விமானம் 1978 புத்தாண்டு இரவில் பம்பாயில் கிளம்பியதும் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். அதற்குப் பின்னும் ஜம்போக்கள் பல ஆண்டுகள் பறந்தன. கடைசியாக மிஞ்சியவற்றில் ஒன்று 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து கிளம்பி, இறக்கையை ஆட்டி விடைபெற்று, அமெரிக்காவுக்குப் போனது. இன்று ஏர் இந்தியா வைத்திருக்கும் பெரிய விமானங்கள் போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவையே. இல்லாத விமானத்தைக் கேட்டு மனுப் போடுவதில் பயனில்லை.

உத்தரவு போடும் காலமும் போய்விட்டது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை இன்ஜின் பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக அதைச் சென்னையில் சேர்த்தவர் நெவில் வின்சென்ட். (முதல் தடத்தின் தென்கோடி நம் சென்னை என்பதை வடக்கே எழுதுகிறவர்கள் ஓரமாகத்தான் சொல்வார்கள்.) 1946-ல் டாடாவின் அந்த விமான நிறுவனம் ஏர் இந்தியா ஆனது, 1953-ல் அரசுடைமை ஆனது. அப்போது வெளிநாட்டுத் தடங்கள் ஏர் இந்தியாவுக்கும், உள்நாடும் கொழும்பு போன்ற பக்கத்து ஊர்களும் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் போயின. திருச்சிக்காரர்கள் 'ஏர் இந்தியாவில் கொழும்பு போனோம்' என்று சொல்லும் பழைய கதைகளில் பெரும்பாலும் இந்தியன் ஏர்லைன்ஸ்தான் இருக்கும். இரண்டும் இணைந்தது 2007-ல். 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் மீண்டும் டாடா கைக்கே போய்விட்டது. எந்த ஊருக்கு எந்த விமானம் என்பது இனி அவர்களுடைய வியாபாரக் கணக்கு.

அந்தக் கணக்கில் திருச்சி இடறும் இடம் ரன்வே. நீளம் 2,480 மீட்டர், அதாவது 8,136 அடி. பெரிய விமானம் இங்கே வந்து இறங்கிவிடும். வயிறு நிறைய எரிபொருளோடு கிளம்புவதுதான் பாடு. ஓடுகிற ஓட்டத்தில் ஓர் இன்ஜின் நின்றால், பிரேக் போட்டு ரன்வேக்குள் நிற்கவோ, மிச்ச இன்ஜினோடு எழும்பவோ இடம் இருந்தாக வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் விமானி எடையைக் குறைத்தே ஆக வேண்டும்.

இதோடு நம் ஊர் வெயில் வேறு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்கும் பலமும் குறையும், இன்ஜினுக்குத் தள்ளும் பலமும் குறையும். விமான நிலையம் வடிவமைப்பவர்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உயரம் 300 மீட்டருக்கு 7 சதவீதம், நிர்ணய வெப்பநிலையை (கடல்மட்டத்தில் 15 டிகிரி, உயர உயரக் குறையும்) தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம் என ரன்வே நீளத்தைக் கூட்ட வேண்டும். திருச்சி நிலையத்தின் உயரம் 88 மீட்டர், அதற்கு 2 சதவீதம். அந்த உயரத்தின் நிர்ணய வெப்பநிலை 14.4 டிகிரி. சித்திரைப் பகலில் 38 டிகிரி என்று வையுங்கள், அதற்கு 23.6 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் 1.26. ஆக, நம் 2,480 மீட்டர் குளிர்நாட்டின் 1,970 மீட்டருக்குத்தான் சமம். அதிகாலை 25 டிகிரியில் அதே ரன்வே 2,200 மீட்டர் ஆகிவிடும். விமானி பார்ப்பது இதைவிட நுணுக்கமான அட்டவணை என்றாலும் போக்கு இதுதான். நள்ளிரவு விமானங்களைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். ஆனால் ஒரு லோடு மண் கொட்டாமலேயே 230 மீட்டர் கிடைப்பது அந்த நேரத்தில்தான்.

787-8 விமானம் முழு எடையில், அதாவது சுமார் 228 டன்னில் கிளம்ப, குளிர்ந்த நாளிலேயே 2,600 மீட்டராவது வேண்டும். 777-300இஆர் என்றால் 3,000-க்கு மேல். லண்டனுக்கு 787 பத்துப் பதினோரு மணி நேரம் பறக்கும். மணிக்குச் சுமார் 5 டன் வீதம் ஐம்பது டன்னுக்கு மேல் எரிபொருள், கையிருப்பு தனி. முழு எடைக்குக் கொஞ்சம் கீழேயே கிளம்பலாம்தான். ஆனாலும் பகலில் இழுபறிதான். சரக்கை இறக்கி, சில வரிசைகளைக் காலியாக விட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். யாருக்கும் அது கட்டுபடியாகாது.

எடை என்றதும் இன்னொரு தவறான பேச்சையும் திருத்திவிடுகிறேன். 2024 அக்டோபர் 11 அன்று ஹைட்ராலிக் கோளாறால் ஷார்ஜா விமானம் இரண்டரை மணி நேரம் நம் தலைக்கு மேல் வட்டமடித்தபோது, 'எரிபொருளைக் கொட்டிவிட்டு இறங்கியது' என்று பலர் சொன்னார்கள். அது போயிங் 737-800 ரகம். கொட்டுவதற்கான குழாய் 737-ல் கிடையவே கிடையாது. 737-800 அதிகபட்சம் 79 டன்னில் கிளம்பலாம், ஆனால் இறங்கும் எடை வரம்பு சுமார் 66 டன். நடுவே உள்ளதை எரித்துத்தான் தீர்க்க வேண்டும், மணிக்குச் சுமார் இரண்டரை டன். அதனால்தான் அவ்வளவு நேரம்.

சரக்கு அனுப்புவோரும் இதைக் கவனிக்கலாம். 737-ன் அடிவயிற்றில் கன்டெய்னர் ஏறாது. நான்கடி அகலமும் மூன்றடிக்கும் குறைந்த உயரமும் உள்ள கதவு வழியாக அந்த அறைக்குள் ஆள் குனிந்து போய், காய்கறிப் பெட்டியையும் பூப்பெட்டியையும் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். எடை மிஞ்சினால் முதலில் இறங்குவது அந்தப் பெட்டிதான், பயணி இல்லை. கோடையில் பகல் விமானத்துக்குப் பதிவு செய்வோர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே மனுவை இரண்டாகப் பிரிக்கலாம். ரன்வேயை 12,500 அடிக்கு, அதாவது 3,810 மீட்டருக்கு நீட்டும் திட்டம் நெடுநாளாக நிலத்தில் சிக்கிக் கிடக்கிறது. 2024-ல் புது முனையம் வந்தது, பழைய ரன்வே அப்படியே இருக்கிறது. நிலத்துக்கு மாநில அரசையும், ரன்வேக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தையும் கேட்க வேண்டும். விமான நிறுவனங்களிடம் இப்போதைக்குக் கேட்க வேண்டியது, டெல்லியிலோ மும்பையிலோ லண்டன் விமானத்தைப் பிடிக்கத் தோதான நேரத்தில் ஏ320 என்ற சின்ன ஏர்பஸ் ஒன்று. பெட்டியைத் திருச்சியில் போட்டால் லண்டனில் எடுக்கும்படி ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு அடி ரன்வேகூடக் கூடுதலாக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வாசகர், திருவெறும்பூர்