கணக்கு ஆசிரியர் இடத்துக்குக் கணக்குப் படித்தவரை அனுப்பக் கோரி மனு

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மற்றும் பெற்றோர்கள்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: காலியாக உள்ள பட்டதாரி ஆசிரியர் (கணிதம்) பணியிடம் – பணிமூப்பு வழக்கு முடியும்வரை காத்திராமல் பாடத் தகுதி உள்ளவரை நியமிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே கோரிக்கைக்காக நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், கிராம சபைத் தீர்மானம்.

வணக்கம். எங்கள் பள்ளி தாங்கள் அறியாத பள்ளி இல்லை. ஏரிக்கரை தாண்டி, ரேஷன் கடைக்கு எதிரே ஓட்டுக் கட்டடமும் புதுக் கட்டடமும் ஒட்டி நிற்குமே, அதுதான். போன வருடம் எண்ணும் எழுத்தும் ஆய்வுக்கு வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாராட்டிவிட்டுப் போனீர்கள். அன்று நேரமில்லாததால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பக்கம் வர முடியவில்லை. அந்த மூன்று வகுப்புகளைப் பற்றித்தான் இந்த மனு. முன்பு கொடுத்தவற்றுக்கு ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லாததால் மறுபடி எழுதுகிறோம்.

1. எங்கள் கணக்கு ஆசிரியர் ஓய்வு வயது வந்தும், கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனத்தில் பாடம் நடத்திவிட்டுத்தான் போனார். அவர் போனதிலிருந்து அந்த இடம் காலி. பதவி உயர்வில் நிரப்ப வேண்டிய இடம், அதற்கான பேனல் (பதவி உயர்வுப் பட்டியல்) வரட்டும் என்கிறார்கள். பேனல் எப்போது என்றால், கேஸ் இருக்கிறது என்கிறார்கள்.

2. பணிமூப்பா, தகுதியா என்று ஆசிரியர்களுக்குள் நடக்கும் வழக்கு எங்களுக்குப் புரியாமல் இல்லை. இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டமும் பி.எட்.டும் முடித்து, இருபது இருபத்தைந்து வருடம் காத்திருந்தவரிடம், ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதாததால் பதவி உயர்வு இல்லை என்றால் மனசு நொந்துதான் போகும். எங்கள் பள்ளியிலேயே அப்படி ஒரு டீச்சர் இருக்கிறார். குழுத் தலைவரான என் மூத்த மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவரைக் குறைத்துப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் மாற்றுப் பணிக்கு, அதாவது காலி இடத்தைத் தற்காலிகமாகப் பார்க்க வேறு பள்ளியிலிருந்து ஆள் அனுப்பும்போதும் அதே பணிமூப்புப் பட்டியலைப் பார்த்து, கடைசியில் இருப்பவர் யார் என்று மட்டும் கேட்பது என்ன நியாயம்? அப்படித்தான் எங்களுக்கு வரலாறு படித்த ஒருவர் கணக்கு நடத்த வந்தார். பாவம், நேர்மையானவர். “பத்தாம் வகுப்போடு எனக்கும் கணக்குக்கும் தொடர்பு விட்டுப்போச்சு” என்று பெற்றோர் கூட்டத்தில் அவரே சொன்னார். சில மாதத்தில் அவரும் பழைய பள்ளிக்கே போய்விட்டார்.

3. சட்டம் எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சொல்கிறோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி என ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. 23.8.2010 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. அதில் ஆறு முதல் எட்டு வரை நடத்துவோருக்கு இரண்டாம் தாள். கணித, அறிவியல் ஆசிரியருக்கு 150 மதிப்பெண்ணில் 60 அந்தப் பாடங்களுக்கே. 2.6.2023 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பதவி உயர்வுக்கும் தகுதித் தேர்வு வேண்டும் என்றது. 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளவர்கள் தேர்ச்சி பெற இரண்டு வருட அவகாசமும் கொடுத்தது. இதற்கு நடுவில் 21.12.2023 தேதியிட்ட 243ஆம் அரசாணை வந்து, பணிமூப்பை ஒன்றிய அளவில் பார்ப்பதா மாநில அளவில் பார்ப்பதா என்று இன்னொரு பிரச்சினை. மூத்த ஆசிரியர்கள் தேர்வு எழுதட்டும். தேர்ச்சி பெற்றதும் அவர்களுடைய பழைய பணிமூப்பு வீணாகாதபடி அரசு ஒரு வழி செய்தால் எங்களுக்கும் சந்தோஷம்தான். அதுவரை எட்டாம் வகுப்பில் கணக்கு நடத்துவது யார்? இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

4. வகுப்பில் நடப்பதைச் சொல்கிறோம். அறிவியல் ஆசிரியர்தான் மூன்று வகுப்புக்கும் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறார். அதனால் அறிவியலும் பாதிதான் நடக்கிறது. அவர் எமிஸ் (பள்ளி விவரங்களைக் கணினியில் பதியும்) வேலையிலோ பயிற்சியிலோ இருந்தால் ஆறையும் ஏழையும் ஒரே அறையில் உட்காரவைத்து வாய்ப்பாடு எழுதச் சொல்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை எத்தனை நாள்தான் வாய்ப்பாடு எழுதும்?

என் மகன் எட்டாம் வகுப்பு. நோட்டில் எல்லாப் பயிற்சிக்கும் விடை இருக்கிறது, எல்லாமே கைடைப் பார்த்து எழுதியது. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உள்ளே குறி மாறும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கூட்டு வட்டிக் கணக்கை என்னிடம் கொண்டுவந்தான். மகளிர் குழுவில் வட்டி கட்டிப் பழகியதை வைத்து எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தைச் சொல்லத் தெரியவில்லை. அவன் நன்றாகப் படிக்கிற பையன் அம்மா. கூடப் படிக்கிற இன்னும் சில பேர் கணக்குப் பாடவேளை என்றாலே தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிடுகிறார்கள். எட்டு வரை எல்லாருக்கும் தேர்ச்சி என்பதால் மார்க் அட்டையில் இது எதுவும் தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்கு டவுன் மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் தெரியும். போன வருடம் இங்கிருந்து போன பெண் பிள்ளை ஒருத்தி, கணக்கில் எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிற்கவைக்கிறார்கள் என்று பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறாள். அவள் அம்மா என்னிடம் வந்து அழுதார். அந்த அம்மாவுக்கு எந்தப் பேனலைக் காட்டிச் சமாதானம் சொல்வது?

டியூஷன் வைக்கலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எங்கள் ஊர் ஆட்கள் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் என்பது தங்களுக்குத் தெரியும். மாலை பஸ்ஸை விட்டால் டவுனிலிருந்து திரும்ப வண்டி கிடையாது. பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது? டியூஷனுக்குப் பணம் இருந்தால் இந்த மனுவே வந்திருக்காது.

5. இதில் எங்களை அதிகம் வாட்டுவது தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுதான். எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அது பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தாமல் இருக்கப் போதுமான பணம். மனத்திறன் தாளில் எண் வரிசை வரும், படிப்பறிவுத் தாளில் கணக்கும் அறிவியலும் வரும். ஓய்வு பெற்ற ஆசிரியர் இருந்தவரை மாலையில் நிறுத்திவைத்துப் பயிற்சி கொடுப்பார். எங்கள் பிள்ளைகள் தேர்வாகி, பள்ளிச் சுவரில் பெயர் எழுதியிருக்கிறார். இப்போது விண்ணப்பம் போடவே பிள்ளைகள் தயங்குகிறார்கள். வழக்கு எப்போது முடிந்தாலும் ஆசிரியர்கள் அவரவர் உரிமையை வாங்கிக்கொள்வார்கள். என் மகனுக்கு இந்தத் தேர்வு திரும்ப வராது.

6. தயவுசெய்து இன்னொரு தடவை ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதாதீர்கள் அம்மா.

7. நாங்கள் கேட்பது முடியாத காரியம் இல்லை. நம் ஒன்றியத்திலேயே கணிதப் பட்டமும் இரண்டாம் தாள் தேர்ச்சியும் உள்ள இடைநிலை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை, வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டு, மாற்றுப் பணியிலாவது அனுப்புங்கள். பதவி உயர்வு என்று போட வேண்டாம், பணிமூப்பில் யாருக்கும் பாதிப்பு வராது. அதுவும் இயலாது என்றால், 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் எடுக்க அரசு வழி செய்ததே, அதே முறையில் இந்த ஒரு இடத்துக்கு அனுமதி வாங்கித் தாருங்கள். எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, தகுதித் தேர்விலும் தேறிய பெண் ஒருவர் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்து வீட்டில்தான் இருக்கிறார். நாளைக்கே வரத் தயார் என்கிறார்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். உதவித்தொகைத் தேர்வுக்கு முன்னால் அனுப்புங்கள். என்ன முடிவு எடுத்தாலும், முடியாது என்றாலும்கூட, காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். எங்கள் குழுவின் அடுத்த கூட்டம் இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. தாங்களே நேரில் வந்து எட்டாம் வகுப்பு நோட்டுகளைப் பார்த்தால் நல்லது. வட்டாரக் கல்வி அலுவலரை அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்
மற்றும் அடுத்த பக்கங்களில் கையொப்பமிட்டுள்ள பெற்றோர்கள்