ஊருணிப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, உறுப்பினர்களே, தாய்மார்களே, கரைப் பணிக்கு வந்த மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் நம் சங்கம் செய்த பணிகளை அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் நம் குடிநீர்க் குளமான ஊருணி. திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு, ஊருணிக் கரையில் செருப்புடன் ஏறாதே என்று அதட்டும் பெரியவர்கள்கூடக் குறைந்துவிட்டார்கள். ஊருணிக்கு மழைநீர் வந்துசேரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆடியில் தொடங்கி ஞாயிறுதோறும் வெட்டினோம். தூரோடு எடுக்காவிட்டால் ஒரு மழைக்கே மறுபடி தழைத்துவிடும் என்பதால் வேலை இழுத்துக்கொண்டே போனது. கடலுக்குப் போகாத நாட்களில் மீனவத் தம்பிகள் கைகொடுத்திராவிட்டால் ஐப்பசிக்குள் முடிந்திருக்காது. நம் மாவட்டத்துக்குப் பெரும்பங்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அதைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று.

ஒரு தவறையும் பதிவுசெய்ய வேண்டும். தென்மூலையை இயந்திரம் வைத்துத் தூர்வாரியபோது, ஆழம் கூடினால் தண்ணீரும் கூடும் என்று நாமே சொன்னோம். களிமண் அடுக்கு அறுபட்டு உவர்மண் தெரிந்த பிறகுதான் நிறுத்தினோம். மழை நிறைந்தும் அந்த மூலைத் தண்ணீர் கரித்தது. களிமண் கொட்டி மிதித்து இறுக்கியிருக்கிறோம். இனி மூத்தவர்களைக் கேட்டு, மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எந்த ஊருணியிலும் இயந்திரத்தை இறக்கக் கூடாது.

பள்ளிப் பணிதான் இவ்வாண்டு எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. அறிவியல் ஆசிரியை ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்குக் கடல்நீர் எடுத்து, அதன்மேல் பீட்ரூட் சாறு கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டி முதுகில் வழியவிட்டார். சிவப்பு மேலேயே நின்றது. உறிஞ்சுகுழலை மேலாக வைத்து இழுத்த சிறுவனுக்கு நல்ல தண்ணீர். ஆழமாக இறக்கியதும் முகம் சுளித்துத் துப்பினான். நம் மணலுக்கடியில் இருப்பதும் அதுதான். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை உப்புநீர் விலகி நிற்கும். மேலே ஓரடி இறங்கினால் அடியில் உப்பு நாற்பதடி ஏறிவிடும். அன்று வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கும் அன்றுதான் விளங்கியது.

மறுநாள் பிள்ளைகளைக் கடற்கரை ஊற்றுக்கு அழைத்துப் போனோம். நம் ஊர் அக்கா ஒருவர் மணலை விலக்கி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு சிரட்டை மொள்வார், ஊறும்வரை கை நிறுத்துவார். “அவசரப்பட்டால் கலங்கிவிடும், கண்ணு” என்றார். அதன் பிறகு எட்டாம் வகுப்பு மாணவிகள் மாதந்தோறும் கிணறுகளில் கரைந்த உப்பை மீட்டரால் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கோடையில் மோட்டார் ஓடும் கிணறுகளில் உப்பு மாதத்துக்கு மாதம் ஏறியதை அந்த நோட்டில் காணலாம். சிரட்டையில் மொள்ளும் ஊற்றில் அப்படி ஏறவில்லை.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் அந்த நோட்டை மாணவிகளே வாசித்தார்கள். கூட்டம் அமைதியாகக் கேட்டது.

ஆகவே, ஊற்றுகளை ஒட்டி ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை, இருக்கும் மோட்டார்களைக் கோடையில் நிறுத்திவைப்பது என்ற தீர்மானத்தை இந்த அவையில் முன்மொழிகிறேன். மோட்டார் வைத்திருப்பவர்களில் சிலர் நம் உறுப்பினர்கள், என் உறவினர்களும் உண்டு. அவர்கள் இன்று வந்திருக்கிறார்கள். முகத்துக்கு முகம் பேசி முடிவெடுப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வடக்கு வரத்துக்காலின் மீதி வேலை வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு. மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவரவும்.

இங்ஙனம்,
செயலாளர்