கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை

சிங்கப்பூர்,
20 நவம்பர் 2020

அன்புள்ள செல்வம்,

உன் மின்னஞ்சல் வந்தது. தீபாவளி இந்த வருஷம் இங்கேயும் சப்பென்றுதான் போயிற்று. கொரோனாவால் வீட்டுக்கு ஐந்து விருந்தாளிகளுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. லிட்டில் இந்தியாவில் விளக்கலங்காரம் உண்டு, தீபாவளிக் கடைகள் கிடையாது. கடையும் நெரிசலும் இல்லாத சிராங்கூன் ரோட்டை நீ பார்த்திருந்தால் ஊரடங்கு என்றே நினைத்திருப்பாய். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் சர்க்கரை எப்படி?

சரி, கவிதா விஷயத்துக்கு வருகிறேன். அவள் விமானப் பணிப்பெண்ணாக இருக்கும் கம்பெனியில் சம்பளத்தில் கால்வாசியைக் குறைத்து, கூடவே சம்பளமில்லா விடுப்புக்கும் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள் என்கிறாய். போடலாமா, அல்லது சங்கம் வைக்கலாம் என்று பேசும் பிள்ளைகளோடு சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருஷம் விமான நிலையத்தில் கிரீஸ் கையோடு இருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். சங்கத்தில் கிளைக் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2003இல் சார்ஸ் தொற்றுநோய் வந்தது ஞாபகம் இருக்கிறதா? இங்கே சாங்கி விமான நிலையத்தில் ஓடுபாதை அன்றைக்கும் காலியாகத்தான் கிடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் சுமார் 31 கோடி வெள்ளி நட்டம் காட்டியது. அதற்கு முன்பு எந்தக் காலாண்டிலும் நட்டம் பார்க்காத கம்பெனி அது. நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். விமானிகளுக்குச் சம்பள வெட்டு, கேப்டன்களுக்கு 16.5 சதவீதம் வரை. மேலதிகாரிகளுக்கு அதைவிட அதிகம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இலாபம் இன்ன அளவைத் தாண்டினால் வெட்டிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அடுத்த வருஷக் கணக்கு முடிந்தபோது இலாபம் ஏறக்குறைய 85 கோடி வெள்ளி. பணம் திரும்பி வந்தது. அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் யார் நினைவு வைத்துத் திருப்பித் தந்திருப்பார்கள், சொல்?

எங்கள் கம்பெனி வேறு, ஆனால் அடி ஒன்றுதான். அந்த அக்டோபரில் அரசாங்கம், ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான சி.பி.எஃபில் முதலாளிகள் போடும் பங்கையும் 16 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைத்தது. இங்கே பலருக்கு வீட்டுத் தவணையே சி.பி.எஃபிலிருந்துதான் போகும். சங்கக் கூட்டத்தில் ஹைட்ராலிக் பிரிவு சீன நண்பர் ஒருவர் சம்பளச் சீட்டை நீட்டி, "இந்தக் கட்டத்தில் வெட்டினால் கையில்தான் குறையும், அந்தக் கட்டத்தில் வெட்டினால் வீட்டிலும் குறையும்" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். படித்தவர் அல்ல. கமிட்டியில் இருந்த எங்களில் யாருக்கும் அதுவரை அது உறைக்கவில்லை. அன்றைக்குத்தான் பேச்சு, "எவ்வளவு" என்பதிலிருந்து "எதிலிருந்து" என்று திரும்பியது.

கவிதா முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். அடிப்படைச் சம்பளத்தில் வெட்டுகிறார்களா, அலவன்ஸிலா? உங்கள் ஊரில் வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் வைத்துத்தான் கணக்கு. வெட்டிய நிலையில் வேலை போனால் முன்பு உழைத்த வருஷங்களுக்கும் சேர்த்துக் குறைந்த கணக்கில்தான் கொடுப்பார்கள். பி.எஃபும் அப்படியே இறங்கும். கவிதா மாதிரி கேபின் க்ரூவுக்கு இன்னொரு சங்கடம்: பறக்கும் மணிக்கணக்கில் வரும் அலவன்ஸ்தான் சம்பளத்தில் பெரும்பங்கு. விமானமே பறக்காதபோது காகிதத்தில் 25 சதவீதம் என்றாலும் கைக்கு வருவது பாதிகூட இருக்காது. அப்புறம், "குறைக்கிறோம்" என்று எழுதியிருக்கிறதா, "தள்ளிவைக்கிறோம்" என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். தள்ளிவைத்தது கம்பெனிமேல் கடனாக நிற்கும். குறைத்தது போனது போனதுதான்.

அடுத்தது, எதிர்ப்பக்கம் யார் எவ்வளவு இழக்கிறார்கள்? இதற்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதையை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்வோம். அதுவும் 2003தான். திவாலைத் தவிர்க்க வேண்டும் என்று விமானிகள், விமானப் பணிப்பெண்கள், மெக்கானிக்குகள் என மூன்று சங்கங்களும் ஆண்டுக்கு 162 கோடி டாலர் விட்டுக்கொடுக்க ஓட்டுப் போட்டன. ஓட்டு முடிந்த கையோடு ஒரு சேதி வெளிவந்தது. உயரதிகாரிகள் கம்பெனியை விட்டுப் போகாமலிருக்கத் தனி போனஸாம். திவாலானாலும் அவர்கள் பென்ஷனைக் காப்பாற்றத் தனி அறக்கட்டளையில் 4.1 கோடி டாலரும் போட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் கொதித்துப் போனார்கள். தலைவர் டான் கார்ட்டி மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. சில நாளில் பதவியை விட்டார். வெட்டைத் தாங்கிக்கொண்ட அதே ஆட்களால் அதை மறைத்ததைத் தாங்க முடியவில்லை.

சங்கம் பற்றி. இங்கே நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அந்தச் சம்பள வெட்டுக்கு ஒப்புக்கொண்ட விமானிகள் சங்கத் தலைமையை உறுப்பினர்கள் 2003 நவம்பரில் ஓட்டுப் போட்டு நீக்கினார்கள். அன்றைக்கு மூத்த அமைச்சராக இருந்த லீ குவான் இயூ நேரடியாக இறங்கினார். அதற்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லப்பட்ட, மலேசியாவில் பிறந்த ஒரு விமானியின் நிரந்தரவாச உரிமை பறிக்கப்பட்டது. பிறகு சட்டத்தையே திருத்தி, உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமலே சங்கத் தலைமை ஒப்பந்தம் போடலாம் என்றாக்கினார்கள். அது அதிகப்படி என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். இங்கே காப்பிக்கடையில் சத்தமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்றும் உண்மை: அப்படிப்பட்ட ஊரிலும், பணம் திரும்பி வரும் என்ற அந்த வரி ஒப்பந்தத்தில் ஏறியதற்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேச ஒரு சங்கம் இருந்ததுதான் காரணம்.

உங்கள் பக்கம் பார். 2008 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் 1,900 பேரை நீக்கியது. பிள்ளைகள் சீருடையோடு தெருவுக்கு வந்து அழுதார்கள், அரசியல்வாதிகள் புகுந்தார்கள், சில நாளில் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அது சங்கத்தின் பலம் அல்ல, தொலைக்காட்சியின் பலம். அடுத்த வருஷம் அதே கம்பெனியில் விமானிகள் சங்கம் வைத்ததற்கு இரண்டு பேரை வேலையை விட்டு எடுத்தபோது, மற்றவர்கள் மொத்தமாக "உடம்பு சரியில்லை" என்று லீவு போட்டு விமானங்களை நிறுத்திக் காட்டினார்கள். அது பலம். ஆனால் 2019 ஏப்ரல் 17 அன்று அந்தக் கம்பெனியின் கடைசி விமானம் அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் போய் இறங்கியபோது அந்தச் சங்கத்தாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. பெட்டியில் பணமே இல்லாத இடத்தில் யாரிடம் பேரம் பேசுவது? அதனால்தான் சொல்கிறேன், கெட்ட காலத்தில் சங்கத்தின் முதல் வேலை கொடி பிடிப்பது அல்ல, கம்பெனிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிப்பது.

இந்த முறை இங்கேயும் தப்பவில்லை. செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் 4,300 இடங்களைக் குறைப்பதாகச் சொன்னது. அரசாங்கம் விமானத் துறை ஊழியர்களின் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 சதவீதம் வரை கொடுத்தும் இந்த நிலை. உங்களுக்கு அந்த உதவியும் இல்லை. போன மாதம் சாங்கியில் நிற்கும் ஏ380 விமானத்தில் சாப்பாட்டு விருந்து வைத்தார்கள், டிக்கெட் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது! மனுஷனுக்குப் பறக்க எவ்வளவு ஆசை பார். இந்த ஆசை இருக்கும்வரை தொழில் செத்துப்போகாது.

ஆகவே கவிதா தனியாகப் போய் மறுக்க வேண்டாம், தனியாகக் கையெழுத்தும் போட வேண்டாம். அவள் பேட்ச் பிள்ளைகள் பத்துப் பேராவது சேர்ந்து, எத்தனை மாதம், எதிலிருந்து வெட்டு, எப்போது திரும்பும், விடுப்புக் காலத்தில் சர்வீஸ் அறுபடாமல் இருக்குமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்கட்டும். மின்னஞ்சலில் கேட்கட்டும், பதிலும் மின்னஞ்சலில் வரட்டும். பதில் வந்தபின் போடலாம். சங்கப் பேச்சை விட வேண்டாம், ஆனால் யார் முன்னால் நிற்கிறார்கள், பின்னால் எந்தக் கட்சி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுச் சேரட்டும். உங்கள் ஊர் தொழிலாளர் வக்கீல் ஒருவரிடமும் தாளைக் காட்டு. சட்டத்தில் நான் அரைகுறை.

அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பச் சொல். திருச்சிக்கு ஒழுங்காக விமானம் விட்டதும் வருகிறேன். இப்போதைக்கு வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இந்திய அரசு விடும் வந்தே பாரத் விமானம்தான், அதிலும் இறங்கியதும் தனிமைப்படுத்தல். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்