வளவு பொது, உலை தனி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறைக்கு வரும் விருந்தாளிகளை அலுப்பில்லாமல் கவனிப்பது எப்படி என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள யோசனைகள்தான். நடுவில், விருந்தோம்பலைச் செட்டிநாட்டு வீடுகளிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காக.

அந்தப் பெரிய வீடுகளில் நூறு இலை விழுந்ததென்றால், அத்தனைக்கும் வீட்டு ஆச்சி ஒருத்தியே ஆக்கிப் போடவில்லை. சமையலுக்கு ஆள், மாவாட்ட ஆள், பாத்திரம் விளக்க ஆள் என்று இரண்டாங்கட்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதற்கெல்லாம் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பணம் இருந்தது. இதைவிடப் பெரிய ஏற்பாடு, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளின் 'வேறு வைப்பது'. கல்யாணமான மகனுக்கும் மருமகளுக்கும் பண்டபாத்திரம், அரிசி பருப்பு கொடுத்து, அதே வீட்டுக்குள் தனியாக உலை வைக்கச் சொல்லிவிடுவார்கள். முகப்பு பொது, வளவு என்கிற உள்முற்றம் பொது, உலை மட்டும் தனி. கல்யாணமான ஒரு ஜோடியின் குடும்பம் ஒரு 'புள்ளி'; ஒரு வீட்டில் நான்கு புள்ளி இருந்தால் நான்கு சமையல். யாரும் இதைச் சண்டை என்று நினைக்கவில்லை. சண்டை வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடே.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். பாதி வீடுகள் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கின்றன. பொங்கல், மே விடுமுறை, முன்னோர்களைக் கும்பிடும் படைப்பு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக வந்து இறங்குகின்றன. ஆள் இல்லை. அடுப்போ ஒன்றுதான். அதன் முன்னால் நிற்பவள், ஊரோடு தங்கிவிட்ட ஒரு மருமகள்!

வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து அரைக்கிற மாவு. புளிக்கவிட முடியாது, அரைத்த சூட்டோடு ஊற்ற வேண்டும். அதுவும் ஒவ்வொன்றாகத்தான். இருபது பேர் சுடச்சுடக் கேட்டால், ஊற்றுகிறவள் எப்போது சாப்பிடுவாள்? 'ஊருக்கு வந்தும் பணியாரம் இல்லையா' என்று கேட்கிறவர்கள் கரண்டியை வாங்கி நான்கு பணியாரம் ஊற்றிப் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது வேளையைப் பிரித்துக்கொள்கிறோம். கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிவிடும். காலைப் பலகாரம் ஒரு புள்ளி, மதியச் சாப்பாடு ஒரு புள்ளி, இராத்திரிக்கு இன்னொன்று. சாமான் வாங்குவது, ஆக்குவது, அடுப்படியைத் துடைத்துவிட்டு வெளியே வருவது எல்லாம் அந்தந்தப் புள்ளியின் பொறுப்பு. என்ன சமையல் என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஒரு வேளை ரசமும் அப்பளமும்தான் என்றால், சரி, அன்றைக்கு அதுதான் விருந்து. ஆண்களுக்கும் முறை உண்டு. விடியுமுன் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவது முழுக்க அவர்கள் வேலை. பின்கட்டில் இருக்கிற ஒரே குளியலறைக்கு இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது தொட்டி காலியாவதைவிடப் பெரிய கலவரம் கிடையாது.

இடைப்பலகாரத்துக்குத் தேன்குழலும் மாவுருண்டையும் காரைக்குடியில் ஆர்டர் கொடுத்துவிடுகிறோம். 'கடைப் பலகாரமா' என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். டப்பா மட்டும் இரண்டே நாளில் காலி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விருந்து வைக்கிறவர்களை விட்டுவிட்டு, விருந்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு கட்டுரை போடுங்கள். எத்தனை பேர், எந்த ரயில், எத்தனை வேளை என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். பல்லவன் ரயிலில் இராத்திரி வந்து இறங்குகிறவர்கள், வழியிலேயே சாப்பிட்டாயிற்றா இல்லையா என்று ஒரு வார்த்தை சொன்னால் இங்கே ஒருத்தி நேரத்தோடு படுப்பாள். அப்புறம், உதவி செய்கிறேன் என்று ஆத்தங்குடித் தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்றும் சேர்த்துவிடுங்கள். அது சிமெண்டுக் கல். ஆசிட் பட்டால் பூவும் போகும், பளபளப்பும் போகும். ஈரத் துணி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை.