பர்மிங்ஹாம் ஜெயில் கடிதத்துக்கு பத்து மார்க் கேள்வி போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல கொஸ்டின் பேப்பர் செட் பண்ற சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

எங்க அக்கா பொண்ணு பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டாம் வருஷம். போன மாசம் இன்டர்னல் பேப்பரை கையில வச்சுக்கிட்டு மூஞ்சிய தொங்கப்போட்டு உக்காந்திருந்தா. அமெரிக்காவுல கறுப்பின மக்களோட உரிமைக்காக போராடின மார்ட்டின் லூதர் கிங், 1963ல அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் ஜெயில்ல இருந்து எழுதின கடிதத்துல ஈதாஸ் (பேசுறவர் மேல நம்பிக்கை வர வைக்கிறது), பேதாஸ் (உணர்ச்சியைத் தொடுறது), லோகாஸ் (காரணம் காட்டுறது) மூணையும் உதாரணத்தோட விளக்கணுமாம். இவ அதுல ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து ரெண்டு பக்கம் எழுதியிருக்கா, பத்துக்கு மூணு, ஓரத்துல சிவப்பு மையில "கேள்விக்கு சம்பந்தமில்லை". எந்த காலேஜ்னு சொல்லப்போறதில்ல, நான் படிச்சப்பவும் இதே கேள்விதான்.

அந்த மூணு வார்த்தையும் தப்புன்னு சொல்லல. ஆனா கடிதம் யாருக்கு போகுதுன்னு பார்க்காம அதை மட்டும் தேடினா என்ன கிடைக்கும்? கறுப்பினத்தவரை ஒதுக்கி வைக்கிற இனப்பாகுபாட்டை எதிர்த்து பர்மிங்ஹாம்ல போராட்டம் நடக்குது. அலபாமாவுல எட்டு வெள்ளைக்கார மதகுருமாருங்க அறிக்கை விடுறாங்க, இந்தப் போராட்டம் புத்திசாலித்தனம் இல்ல, இது நேரமும் இல்ல, வெளியாளுங்க வந்து நடத்துறாங்க, குறை இருந்தா கோர்ட்டுக்கு போங்கன்னு, போலீஸுக்கு பாராட்டு வேற. ஏப்ரல் 12, புனித வெள்ளி, அன்னிக்குதான் கிங்கையும் அரெஸ்ட் பண்றாங்க. உள்ள பேப்பர் இல்லாம நியூஸ்பேப்பர் ஓரத்துலயே பதில் எழுத ஆரம்பிச்ச மனுஷன், "என் அன்பான சக மதகுருமாரே"ன்னுதான் தொடங்குறார்.

சக-ங்கிற அந்த ஒரு வார்த்தையிலயே பாதி வேலை முடிஞ்சிடுது. வெளியாளுன்னு சொன்னீங்களா, இயேசுவோட நற்செய்தியை பரப்ப அப்போஸ்தலர் பவுல் தன்னோட தார்சு ஊரை விட்டு கிளம்பி ஊர் ஊரா போனாரேங்கிறார். பாதிரியாருங்க பவுலை வெளியாளுன்னு சொல்ல முடியுமா? எட்டு பேர்ல ஒருத்தர் ராபி, அதாவது யூத மதகுரு, கடிதத்துக்குள்ள யூத தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் வர்றார். கத்தோலிக்கருக்கு அவங்க புனிதரான இறையியல் அறிஞர் அக்வினாஸ், புராட்டஸ்டன்ட்காரங்களுக்கு அவங்க இறையியல் அறிஞர் டில்லிக். ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டுப் பெரியவரையே சாட்சிக்கு கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு.

இப்ப அவ எழுதின அந்த வாக்கியம். இங்கிலீஷ்ல முன்னூறு வார்த்தைக்கு மேல, நடுவுல ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. கும்பல் உங்க அப்பா அம்மாவை அடிச்சுக் கொல்றதை பார்த்திருந்தா, டிவியில விளம்பரம் வந்த பார்க்குக்கு ஏன் போக முடியாதுன்னு ஆறு வயசு மகளுக்கு சொல்ல நாக்கு குழறியிருந்தா, எந்த மோட்டல்லயும் இடம் கொடுக்காம ராத்திரி ராத்திரியா கார்லயே தூங்கியிருந்தான்னு அடுக்கிக்கிட்டே போய், கடைசியிலதான் "அப்ப புரியும், எங்களால ஏன் காத்திருக்க முடியலன்னு" முடியுது.

பரீட்சைக்கு முன்னாடி இவ அதை ஹால்ல உக்காந்து சத்தமா படிச்சா, கார் வர்ற இடத்துல மூச்சு வாங்கி நிறுத்திட்டா. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து "இன்னும் முடியலையாடி?"ன்னு கேட்டாங்க. அதைத்தான் பொண்ணு பதில்ல எழுதியிருக்கா: பொறுங்கன்னு சொன்ன எட்டு பேரையும் ஒரு முற்றுப்புள்ளிக்காக பொறுக்க வைக்கிறார்னு. நமக்கு இது இன்னும் நல்லா புரியணும், தமிழ்ல வினைமுற்று கடைசியிலதானே வரும், அது வர்ற வரைக்கும் காத்திருந்து பழகினவங்க நாம. இது சம்பந்தமில்லாத பதிலா சார்?

தன்னை தீவிரவாதின்னு சொன்னதும் கிங் முதல்ல வருத்தப்பட்டு அப்புறம் இயேசுவும் அன்புல தீவிரவாதிதானேன்னு திருப்புறதும் எனக்குப் பிடிக்கும். கடிதத்துல சர்ச் பத்தி வர்ற பகுதி கொஞ்சம் இழுவைதான், அதையும் ஒரு பையன் தைரியமா எழுதினா மார்க் போடுங்க.

அடுத்த செமஸ்டர்ல "இந்த வாக்கியம் ஏன் இவ்வளவு நீளம்?"னு மட்டும் கேட்டுப் பாருங்களேன்.

மடல் நீண்டுடுச்சு. கிங்கும் கடைசியில இதையேதான் சொல்லிக்கிறார், தனியா ஜெயில்ல இருக்கிறவன் நீளமா எழுதாம வேற என்ன பண்ணுவான்னு. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

இப்படிக்கு,
பத்துக்கு மூணு வாங்கின பொண்ணோட சித்தி